அடுப்புக்கு மேல் காய்ந்த பலகை

என் மாமனாரின் மூக்கை நான் வெறுத்தேன். மனிதரையும் வெறுத்தேன்தான், ஆனால் அது மூக்கிலிருந்துதான் தொடங்கியது.

அவர் ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்து ஃபெக்டரியில் டீமேக்கராக, அதாவது தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான உத்தியோகத்தராக இருந்தார். தேயிலைத் தூள் பக்கத்தில் இருக்கிற எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். அதனால் தூள் அடைக்கும் பலகைப் பெட்டிகளை அவர் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். பெயின்ட் வாடை, பச்சை மர வாடை, மண்ணெண்ணெய் வாடை எது இருந்தாலும் பெட்டி வெளியே போய்விடும். அது அவருடைய வேலை, அதில் எனக்கு ஒன்றுமில்லை. வேலை முடிந்து குவாட்டர்ஸுக்கு வந்த பிறகும் அந்த மூக்குக்கு ஓய்வு கிடையாது என்பதுதான் எனக்கு வந்த கேடு.

நான் லயத்தில், தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீட்டில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தாள், அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார். நான் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டும், கிடைத்த நேரத்தில் சட்டை பாவாடை தைத்துக்கொண்டும் இருந்தேன். தோட்டத்து லொறி ஓட்டிய டீமேக்கருடைய இளைய மகன் என்னைத்தான் கட்டுவேன் என்று நின்று கட்டினார். கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன முதல் வாரம், மாமனாருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். அவர் கோப்பையைத் தொடவில்லை. என் பக்கம் திரும்பி மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார்.

"லயத்துப் புகை இன்னும் போகலயே" என்றார்.

அதையும் என்னிடம் சொல்லவில்லை, மகனிடம் சொன்னார். மகன் தலையைக் குனிந்து சிரித்தார். உள்ளே வந்து என்னிடம், "அப்பா அப்படித்தான், கண்டுக்காத" என்றார். நான் சில நாள் வாசனைச் சோப்பு போட்டு, அந்தக் குளிரில் இரண்டு வேளை குளித்தேன். பிறகு ஆத்திரம் வந்து அதை நிறுத்தினேன். மாமனார் நிறுத்தவில்லை. குழம்பில் புகை, துவைத்த வேட்டியில் புகை, தலையணை உறையில் புகை. மாமியார் நான் வருமுன்பே இறந்துபோயிருந்தார், கொடுத்துவைத்தவர்.

எழுபதுகள் முடியும் நேரம், இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்து வெளிநாட்டுச் சாமான்கள் மறுபடியும் வரத் தொடங்கியிருந்தன. என் வீட்டுக்காரர் லொறி வேலையை விட்டுவிட்டு ஒரு பழைய வேன் வாங்கினார். எஞ்சின் நன்றாக இருந்தது. உள்ளே எதுவும் இல்லை. கதவு, பக்கச் சுவர், கூரை எல்லாம் வெறும் தகரம், துருவும் ஓட்டையும். சீட்டுகளைப் பழைய கடையில் எடுத்தாயிற்று. உட்புறம் முழுக்கப் பலகை அடித்து மூடினால்தான் சனம் ஏறும்.

அந்த வேனில் எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான், ஒரு வீடு. எங்கள் தேவாலயத்து மூப்பருக்கு ஹட்டன் டவுனில் இரண்டு அறையுள்ள ஒரு வீடு வாடகைக்கு இருந்தது. வேன் நன்றாக ஓடுவதைப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். வடக்கே வெயில் காட்டில் இருக்கிற மடு மாதா கோயிலுக்கு, ஆவணி மாதத்துத் திருநாளுக்கு ஆட்களைச் சேர்த்து எங்கள் வேனிலேயே கூட்டிப்போவது என்றும் முடிவாகியிருந்தது. அந்தப் பயணம்தான் பரீட்சை.

இடையில் மாமனார் ஓய்வு பெறுகிற காலமும் வந்துவிட்டது. ஓய்வு பெற்றால் குவாட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். தலவாக்கலையில் மகள் வீடு இருந்தது, மகளும் வாங்க என்றுதான் சொன்னாள். இவர் ஒருநாள் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டே, "டவுன் வீட்டுல முன்னறை எனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் அவரைக் கேட்கவில்லை. நான் அடுப்படிக்கு வந்த புருஷனிடம், "அவரு வந்தா நான் வரமாட்டேன், நீங்களும் உங்க அப்பாவும் போய் மோந்துக்கிட்டு இருங்க" என்றேன். அவர் வழக்கம்போல, "மடுவுக்குப் போயிட்டு வந்து பேசுவோமே" என்றார். எதையும் நாளைக்குத் தள்ளிவைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

பலகை எது, மேலுறை எது என்று முடிவு செய்ய டவுனிலிருந்து குஷன் பாஸ் வந்தார். வாகனங்களுக்கு சீட்டும் உட்பலகையும் செய்கிற சிங்கள ஆள், குருணாகல் பக்கத்துக்காரர். வராந்தாவில் மாதிரிகளைப் பரப்பினார். ஹார்ட்போர்ட் துண்டு, மெல்லிய பிளைவுட், வார்னிஷ் பூசிய பலகை, பல நிறத்தில் ரெக்சின், ஒரு டின் ஒட்டுப்பசை. வெளியே மழை. நாங்கள் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றோம். வெயில் அடிக்கிற ஊருக்குப் போகப்போகிற வண்டிக்குச் சாமான் தேர்ந்தெடுத்த நேரத்தில் எங்கள் நிலைமை இதுதான். எங்களுக்குச் சூடு என்றால் அடுப்பங்கரை, இல்லாவிட்டால் காய்ச்சல்.

மாமனார் குனிந்து ஒவ்வொன்றாக முகர்ந்தார். தேயிலைப் பெட்டியை முகர்கிற அதே மாதிரி, கண்ணை மூடி, மூக்கைப் பலகையில் வைத்து. ஹார்ட்போர்டைத் தள்ளினார். வார்னிஷ் பலகையைத் தூக்கி வராந்தாவுக்கு வெளியே மழையில் போட்டார்.

"இந்த நாத்தத்துல மனுசன் உக்காருவானா?"

"மாத்தயா, வார்னிஷ் பூசினாத்தான் தண்ணி உள்ள போகாது" என்றார் பாஸ், மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. "இங்க பனி, கீழ போனா வெயில். சும்மா பலகை நிக்காது."

"என் பெட்டிப் பலகை நிக்கும். இங்க இருந்து லண்டன் வரைக்கும் போகுது. எந்தப் பெட்டிக்கு வார்னிஷ் அடிச்சோம்?"

மூலை உடைந்ததால் ஒதுக்கிவைத்த தேயிலைப் பெட்டிகள் ஃபெக்டரியில் இருந்தன. அவற்றைக் கழற்றி, துண்டுகளை இணைத்து, எதுவும் பூசாமல் அடிக்க வேண்டும் என்பது அவருடைய தீர்ப்பு. தேயிலைக்கு நல்லது ஆளுக்கும் நல்லது என்று நினைத்தார். பெட்டி ஒரு தடவை போனால் போனதுதான், திரும்பி மலை ஏறுவதில்லை என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை. நான் அவரைத் தோற்கடிப்பதில் குறியாக இருந்தேன்.

நான் கருஞ்சிவப்பு ரெக்சினைக் கையில் எடுத்தேன். கெட்டி ரெக்சின், பளபளவென்று இருந்தது. பெரிய துரையின் காரில் அந்த மாதிரி பார்த்திருக்கிறேன். அழகு ஒரு காரணம். இன்னொரு காரணம், அதன் வாடை. புது ரெக்சின் வாடை மூக்கில் ஏறி மண்டையைப் பிடிக்கும். இந்த வேனுக்குள் இந்த மனிதர் ஏறவே முடியாமல் போக வேண்டும் என்று நினைத்துத்தான் அதைக் கேட்டேன்.

"இது வேணும்" என்றேன். "நான்தானே தைக்கப்போறேன்."

"கறுப்புச் சிவப்பு வேணாம் நோனா" என்றார் பாஸ். "வெயிலை இழுக்கும். வெள்ளை, சாம்பல், அப்படி எடுங்க. மாத்தளை தாண்டினா தெரியும்."

வெள்ளை ரெக்சின் ஒரு வாரத்தில் சேறாகிவிடும் என்று நான் அவரை மடக்கினேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் பசை டின்னைத் தட்டினார். எது ஒட்டினாலும் தன் பசை விடாது, யானை இழுத்தாலும் வராது என்றார். அந்த ஆளுக்கும் ஒரு கர்வம் இருந்தது.

மாமனார் ரெக்சினை முகர்ந்து முகத்தைச் சுளித்தார். நான் கீழே வைக்கவில்லை. இரண்டு பேரும் என் புருஷனைப் பார்த்தோம். அவர் எல்லோருக்கும் நல்லவர் அல்லவா, அப்பாவின் பலகை உள்ளே, என் ரெக்சின் மேலே என்று பங்கு பிரித்துவிட்டார். பூசாத பலகைமேல் கருஞ்சிவப்பு ரெக்சின். இரண்டு கெட்டதையும் சேர்த்து ஒட்டினால் நல்லது வரும் என்று ஒரு கணக்கு.

பலகைகளை அளந்து வெட்டி முடித்த நேரத்தில் மழை வலுத்துவிட்டது. பாஸின் கொட்டிலில் ஒழுக்கு. பலகை ஈரம் குடிக்கிறது என்று மாமனார் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுப்புக்கு மேலே இருந்த பரணில் அடுக்கினார். எங்கள் பக்கத்தில் ஈர விறகு, மிளகாய், துவைத்த துணி, எது காய வேண்டுமென்றாலும் அடுப்புக்கு மேல்தான். மழைக்காலத்தில் வேறு எங்கே காயும்? நான் அதன் கீழே தினமும் ஈர விறகை ஊதி ஊதிச் சமைத்தேன். மாமனார் காலையும் மாலையும் வந்து பலகையைத் தொட்டுப் பார்ப்பார். பலகையைத் தொட்ட கையோடு ஒரு தடவை என் பக்கம் மூக்கை உறிஞ்சுவார். அதையும் விடமாட்டார்.

ஆடி மாதம் முடிகிற நேரத்தில் பலகைகளைப் பூட்டினார்கள். நான் ஒரு வாரமாக மெஷினில் குனிந்து ரெக்சினைத் தைத்திருந்தேன், ஊசிகள் உடைந்தன, விரல் கிழிந்தது. பூட்டுவதற்கு முன் மாமனார் ஒவ்வொரு பலகையையும் முகர்ந்து, "சுத்தம்" என்று பாஸிடம் கொடுத்தார். பாஸ் ஒன்றை வாங்கித் தன் மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"தும் கந்த" என்றார். புகை நாற்றம் என்று அர்த்தம்.

"உன் பீடி நாத்தம்" என்றார் மாமனார். பாஸ் வாயிலிருந்த பீடியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஆணி அடித்தார். நானும் ஒரு பலகையை முகர்ந்தேன். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை.

வேன் பார்க்க நகைப்பெட்டி மாதிரி மினுங்கியது. ஹட்டன் மழையில் நின்றபோது சன்னலோரம் ஒரு பலகை லேசாக வீங்கியது. "உங்க லண்டன் பலகை வீங்குது மாமா" என்று சொல்லி அந்தச் சந்தோஷத்தில் இரண்டு நாள் இருந்தேன்.

திருநாளுக்கு விடிகாலையில் கிளம்பினோம். மூப்பர், அவர் மனைவி, எங்கள் தோட்டத்து லயத்து ஆட்கள், எல்லோரும் கம்பளியும் மப்ளரும் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். நான் நடுவில் உட்கார்ந்தேன். ரெக்சின் வாடை இந்த மனிதரைத் தள்ளிவைக்கும் என்று நினைத்திருந்தேனே, அவர் மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு முன் சீட்டில், வேன் ஓட்டிய மகன் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கண்டி வரைக்கும் பாட்டு, ஜெபமாலை, பாராட்டு. மூப்பர் மனைவி கருஞ்சிவப்புச் சுவரைத் தடவித் தடவி, "துரை வீட்டு சோபா மாதிரி இருக்கு" என்றார். டவுன் வீட்டு முன்னறையில் எந்தப் பக்கம் தையல் மெஷினைப் போடலாம் என்று நான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

மாத்தளை தாண்டியதும் கம்பளிகள் கழன்றன. தம்புள்ளைக்கு வரும்போது ஸ்வெட்டர்கள் கழன்றன. அதற்கு மேல் கழற்ற ஒன்றுமில்லை. மேலே தகரம் காய்ந்து, அந்தச் சூடு ரெக்சினுக்குள் இறங்கியது. சுவரில் சாய்ந்த ஒரு பொம்பளை கையைச் சுட்டுக்கொண்டவள்போல எடுத்தாள். முதுகு சீட்டில் ஒட்டியது, எழுந்தால் தோல் உரிகிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் யானை இழுத்தாலும் வராத பசை இளகியது. கூரையின் ரெக்சின் ஒரு பக்கம் தொங்கி, மெல்ல இறங்கி, மூப்பர் மனைவியின் தலைமேல் உட்கார்ந்தது. அவர் அதைத் தள்ள, பசை கொண்டையில் இழுபட்டது. பின்னால் ஒருவர் வாந்தி எடுத்தார்.

"எல்லாத்தையும் பிச்சிப் போடுங்க" என்றார் மூப்பர்.

ஒரு மரநிழலில் வேனை நிறுத்தி, என் ஒரு வார வேலையை எல்லோரும் சேர்ந்து கிழித்தார்கள். மாமனார் கைக்குட்டையை அவிழ்த்துவிட்டு வந்து தன் கையாலேயே பெரிய துண்டுகளை இழுத்தார், அவ்வளவு ஆசை. உள்ளே இருந்து தேயிலைப் பெட்டிகள் வெளியே வந்தன. தோட்டத்து மார்க், எடை, கிரேட், கறுப்பு எழுத்துகள் சில நேராகவும் சில தலைகீழாகவும் இருந்தன. பலகைகளும் வெயிலில் வளைந்து ஆணியைப் பிடுங்கியிருந்தன. ஆனால் தொட்டால் சுடவில்லை. அதை அவர் எல்லோரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

"நம்மளையும் பெட்டியில போட்டு அனுப்புறாங்கப்பா" என்று ஒரு கிழவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் அழுகையை அடக்கிக்கொண்டு சிரித்தேன்.

மறுபடி ஏறிப் புறப்பட்டோம். வவுனியாப் பக்கம் வெயில் இன்னும் ஏறியது. அப்போதுதான் அந்த வாடை வந்தது. முதலில் லேசாக, பிறகு வேன் முழுக்க. காய்ந்த பலகை, குளிரில் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சூட்டில் வெளியே விட்டது. புகை. ஈர விறகுப் புகை, கரி, தாளித்த எண்ணெய், கருவாடு. கண் எரிந்தது.

"என்ன தம்பி இது" என்றார் மூப்பர். "அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கே."

மாமனார் முன் சீட்டில் மூக்கை உறிஞ்சினார். முகம் மாறியது. திரும்பி, மூப்பரைப் பார்த்து, கையை மட்டும் என் பக்கம் நீட்டினார்.

"வேற என்ன, லயத்துப் புகை. இந்தப் புள்ள வந்த நாளா எங்க வீட்டுல இதான். சோப்புப் போட்டாலும் போகாது. தச்ச ரெக்சினோட பலகையிலயும் ஏத்திருச்சு."

வேனில் உட்கார்ந்திருந்ததில் மூப்பர் குடும்பத்தைத் தவிர மிச்ச எல்லோரும் லயத்து ஆட்கள். அதை அவர் மறந்துபோனாரா, அல்லது நினைவிருந்தும் பரவாயில்லை என்று நினைத்தாரா, தெரியாது. என் புருஷன் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கமாட்டார் என்று தெரிந்தது. அத்தனை வருஷம் அடக்கியதை மாமனாரின் முதுகைப் பார்த்து நானே கேட்டேன்.

"மாமா, இந்தப் பலகைய எங்க வச்சுக் காய வச்சீங்க?"

அவர் திரும்பவில்லை.

"கேக்குறேன்ல. எங்க காஞ்சிச்சு?"

"அடுப்புக்கு மேல" என்று என் புருஷன் சொன்னார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த மனிதர் எனக்காக ஒரு வார்த்தை பேசினார்.

"யாரு வீட்டு அடுப்பு? எங்க லயத்து அடுப்பா, உங்க குவாட்டர்ஸ் அடுப்பா? நான் வர்றதுக்கு முன்னாடி எத்தன வருசமா எரியுற அடுப்பு அது? இது உங்க வீட்டு வாசம் மாமா. உள்ளயே இருந்ததால உங்களுக்குத் தெரியல. இப்ப வெயில்ல வருது, நல்லா மோந்து பாருங்க."

பின் சீட்டிலிருந்து அந்தக் கிழவர், "லயத்து ஆளுங்கதான் ஏறியிருக்கோம் ஐயா, பார்த்துப் பேசுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

கொஞ்ச தூரம் போன பிறகு, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, மாமனார் இடது கையை மெதுவாக முகத்துக்குக் கொண்டுபோனார். தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தார். பிறகு தோள்பட்டை. பிறகு மறுபடியும் கை. நான் சீட்டுகளுக்கு நடுவில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு எல்லாம் தெரிந்தது.

மடுவில் பனையோலைப் பாய் விற்றார்கள். புருஷன் பாய்களை வாங்கி வளைந்த பலகைகள்மேல் அடித்தார். திரும்பி வரும்போது குளுமையாக, புகை வாடை அடங்கி, சொர்க்கமாக இருந்தது. இதுதான் சரியான சாமான் என்று மூப்பரே சொன்னார். ஹட்டன் பனியில் ஒரு மாதத்துக்குள் அந்தப் பாய்களில் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பூத்தது. வெயிலுக்குச் சரியானது பனிக்கு ஆகாது, பனிக்குச் சரியானது வெயிலுக்கு ஆகாது, எங்கள் வேனோ இரண்டிலும் ஓடவேண்டும். கடைசியில் புதுப் பலகை வாங்கி, முன்னும் பின்னும் வார்னிஷ் குடிக்கக் குடிக்கப் பூசி, சாம்பல் நிற ரெக்சினைப் பசை இல்லாமல் சட்டம் வைத்து ஸ்குரூவில் பூட்டினோம். பலகை விரிந்து சுருங்க ஓரத்தில் கொஞ்சம் இடமும் விட்டோம். கூரைக்குக் கம்பி வளைத்துத் துணி இழுத்துக் கட்டினேன். அந்த உட்புறம் வேன் விற்கும்வரை இருந்தது. வார்னிஷ் வாடை மூன்று நாள் அடித்தது, அதைக் குறை சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

ஏனென்றால் மாமனார் தலவாக்கலைக்குப் போய்விட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற வாரம் பெட்டியைக் கட்டிக்கொண்டு, மகள் வீட்டுக்குப் போகிறேன் என்றார், முன்னறை பேச்சையே எடுக்கவில்லை. வேனைப் பற்றிச் சிரித்த மூப்பர், வண்டி நன்றாக ஓடுகிறதே என்று வீட்டைச் சொன்னபடி எங்களுக்குத் தந்தார். முன்னறையில் என் மெஷினைப் போட்டேன்.

அந்த வருஷம் நத்தாருக்கு, கிறிஸ்மஸ் அன்று, மாமனார் வந்தார். நான் சன்னலோரம் தைத்துக்கொண்டிருந்தபோது படியேறும் சத்தம் கேட்டது. புதுச் சட்டை, வாரிய தலை, கையில் கேக் பொதி. கதவு திறந்துதான் இருந்தது, ஆனாலும் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தன் சட்டைக் கையை மூக்கில் வைத்து முகர்ந்தார். இரண்டு கையையும் முகர்ந்தார்.

எனக்கு அவரைப் பார்த்துப் பாவமாக இல்லை. அந்த வீட்டில் அத்தனை வருஷம் என் தலைமுடியையும் சேலையையும் நானே முகர்ந்து பார்த்துத் திரிந்தவள் நான். மெஷினை நிறுத்திவிட்டு, அவர் முகர்ந்து முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகுதான், "உள்ள வாங்க மாமா" என்றேன்.